ஷாஃப்டில் இருக்கிறேன்

என் மனைவிக்குத் தெரியாமல் செத்துப்போவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு முடிவு செய்தேன்.

லேசான காரியம் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் நான் ஒரு பனியன்கூட வாங்கினதில்லை. ஒரு தடவை வேறு கடையில் முடி வெட்டிக்கொண்டு வந்தேன். வாசற்படியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தது மட்டுமில்லை, பழைய கடைக்காரரிடம் போய் என் சார்பில் வருத்தம் தெரிவித்துவிட்டும் வந்தாள். அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு சாவை ஒளிக்க வேண்டும்.

தொண்டை டாக்டர் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொள்ளாமல் மறுபடியும் துடைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ரிசல்ட் நல்லா இல்ல. கட்டி குரல்வளையில இருக்கு. எடுத்தாகணும்."

"எடுத்துருங்க டாக்டர்."

"கட்டியை மட்டும் எடுக்க முடியாது. குரல்வளையோட சேர்த்து எடுக்கணும்."

"அப்போ பேச்சு?"

"கழுத்துல ஒரு துளை போட்டு, அது வழியா மூச்சு விடுவீங்க. பேச்சுக்குப் பயிற்சி எல்லாம் இருக்கு. ஆனா இப்போ இருக்கிற இந்தக் குரல் இருக்காது."

"எடுக்கலைன்னா?"

"ஒரு வருஷம். மிஞ்சினா ஒன்றரை."

குரல்வளை என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். வளை இருந்தால் உள்ளே ஏதாவது புகத்தானே செய்யும். எனக்குப் புகுந்தது எலியாக இருந்திருக்கலாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஷாஃப்ட் என்று சொல்கிற அந்த இருட்டுக் கிணற்றில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நான் நிற்பேன். மேலே மோட்டார் அறையில் என் கூட்டாளி நிற்பான். ஆறடிக்கு மேல் வளர்ந்து அகலத்தில் வளர மறந்துவிட்டவன். எல்லோரும் குச்சி என்று கூப்பிடுவார்கள். நான் "மேலே" என்றால் அவன் பெட்டியை மேலே ஏற்றுவான். "நிறுத்து" என்றால் நிறுத்துவான். "நிறுத்து" ஒரு விநாடி தாமதமானால் என் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இடம் இருக்காது. குரல்தான் என் தொழில். மீதி எல்லாம் திருப்புளி.

டாக்டரிடம் சொல்வதற்கு வைத்திருந்த காரணம் அது. சொல்லாத காரணம் வேறு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு தடவை வந்து, இல்லாமல் போயின. அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் என்றால் நாங்கள் இரண்டு பேர் போடும் சண்டைதான். அதில் ஒரு பக்கம் நின்றுபோனால் அவள் சுவரோடு பேசிக்கொண்டு இருக்க வேண்டும். இருக்கிற வரைக்கும் கத்திவிட்டு ஒரே அடியாகப் போய்விடுவோம் என்று நினைத்தேன். குச்சியிடம் மட்டும் சொன்னேன். அவன் மோட்டார் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

என் திட்டத்துக்கு முதுகெலும்பு எஸ்.எம்.எஸ்.

எஸ்.எம்.எஸ். கண்ணியமான பிறவி. அனுப்பினால் போகும். போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்களா என்று திரும்பிவந்து கோள் சொல்லாது. என்னுடைய பட்டன் போனில் மூன்று வாசகங்கள் தயாராகச் சேமித்து வைத்திருந்தேன். 'ஷாஃப்டில் இருக்கிறேன்.' 'வருகிறேன்.' 'சரி.' பத்து வருஷ தாம்பத்தியத்தை இந்த மூன்றை வைத்தே ஓட்டியிருக்கிறேன். ஷாஃப்டில் டவர் கிடைக்காது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே நான் டீக்கடையில் இருந்தாலும் ஷாஃப்ட், தூங்கினாலும் ஷாஃப்ட். டாக்டரிடம் குழாய் விட்டுப் பார்த்த மூன்று நாளும் ஷாஃப்ட்.

அந்த வாரம் வியாழக்கிழமை கம்பெனியில் ஓர் உத்தரவு போட்டார்கள். இனி எல்லா மெக்கானிக்கும் தொடுதிரை போன் வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்திருக்கிற செய்திச் செயலியில்தான் பழுதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். போனையும் அவர்களே கையில் திணித்தார்கள்.

இந்த இடத்தில் என் மனைவியின் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். கூரியர் அலுவலகத்தில் 'ஆள் இல்லை' என்று திரும்பிவரும் பார்சல்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருக்கிறாள். பிரிவே அவள்தான். போனை எடுக்காதவன், கதவைத் திறக்காதவன், வீடு மாறிப் போய்விட்டேன் என்று அதே வீட்டுக்குள்ளிருந்து சொல்கிறவன், எல்லோரையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிடித்துவிடுவாள். அவளிடம்தான் புதுப் போனைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடு" என்றேன். நானாகப் போய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது.

"இங்க பாருங்க. ஒரு டிக் விழுந்தா, அனுப்பியாச்சு. ரெண்டு டிக் விழுந்தா, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாச்சு. ரெண்டும் நீலமாச்சுன்னா, படிச்சாச்சு."

"படிச்சதை எதுக்கு அவங்ககிட்டப் போய்ச் சொல்லுது?"

"படிக்கலைன்னு நீங்க புளுகக் கூடாதுல்ல?"

"இது என்ன, மேல 'கடைசியாகப் பார்த்தது பத்து பதினாலு'?"

"பத்து பதினாலுக்கு நீங்க போனைக் கையில வெச்சிருந்தீங்கன்னு அர்த்தம்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"இந்த மூணு புள்ளி குதிக்குதே?"

"நான் எழுதிட்டிருக்கேன்னு காட்டுது."

"எழுதி முடிச்ச பிறகு படிச்சா போதாதா? எழுதும்போதே எதுக்குப் பயமுறுத்தணும்?"

"பழகிக்குங்க."

இது தபால் இல்லை, தபால்காரரே வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்கிற ஏற்பாடு. செயலி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் அன்றைக்கே அதற்கு உளவாளி என்று பெயர் வைத்துவிட்டேன்.

கடைசியாக அவளுடைய ஆபீஸ் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் எறும்புப் புற்று மாதிரி ஒரு சதுரம் வந்தது. என் போனை அதற்கு நேராகப் பிடித்தாள். 'டிங்' என்றது.

"இது என்னத்துக்கு?"

"செட்டிங்குங்க."

"ஓஹோ" என்றேன், எல்லாம் புரிந்தவன் மாதிரி.

"தொண்டை ஏன் இன்னும் கரகரங்குது?"

"ஷாஃப்ட் தூசி."

"ம்" என்றாள். அவளுடைய 'ம்'முக்கு டிக் கிடையாது. போய்ச் சேர்ந்ததா, படித்தாளா, நம்பினாளா, ஒன்றும் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை டாக்டரிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வரப் போனேன். "ஸ்கேன் ஒண்ணு பாக்கி இருக்கு. அதைப் பார்த்துட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க" என்று வரிசையில் உட்காரவைத்துவிட்டார். என் பக்கத்தில் கழுத்தில் துணி சுற்றிய ஒரு பெரியவர். இருமும்போது அவர் வாய் அசையவில்லை. துணி அசைந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது போன் துள்ளியது. மனைவிதான்.

'எங்க இருக்கீங்க?'

பழக்கதோஷத்தில் தட்டினேன். 'ஷாஃப்டில் இருக்கிறேன்.'

மூன்று புள்ளிகள் குதித்தன.

'ஷாஃப்ட்ல டவர் இருக்காதே? ரெண்டு டிக் விழுந்துச்சு.'

'புதுக் கட்டடம். உள்ளேயே டவர்.'

'அப்படியா. எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ போடுங்க, பார்ப்போம்.'

பாய்ந்து ஓடினேன். மருத்துவமனை லிஃப்டில் ஏறினேன். கட்டிலோடு ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பொத்தான் பலகையை மட்டும் நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பினேன். டிக். இரண்டு டிக். நீலம். பிறகு ஒரு கட்டைவிரல் வந்தது, உயர்த்திய கட்டைவிரல்.

ஜெயித்துவிட்டேன். கட்டிலில் கிடந்தவர்கூட என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

செவ்வாய் காலை மருத்துவமனை நர்ஸிடமிருந்து அதே செயலியில் செய்தி. பதினான்காம் தேதி அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதலா என்று கேட்டிருந்தார். 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். போட்டுவிட்டு, என் சாமர்த்தியம், அந்த உரையாடலையே அழித்துவிட்டேன். உளவாளிக்கே உளவு சொல்லிக்கொடுத்த பெருமையில் இரண்டு டீ குடித்தேன். இரண்டாவது டீ இறங்கும்போது வலித்தது.

அதன் பிறகு உலகம் கோணலாக நடக்க ஆரம்பித்தது.

புதன்கிழமை மோட்டார் அறைக்குப் போனால் குச்சி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவன் கட்டிக்கொண்டால் ஏணி சாய்ந்த மாதிரி இருக்கும்.

"அண்ணே, அழாதீங்க அண்ணே."

"யாருடா அழுதா?"

"நேத்து சாயங்காலம் எழுதினீங்களே. நான் படிச்சுட்டு சோறே திங்கல."

"நான் எழுதலடா."

"அண்ணே, நீலமாகுற வரைக்கும் ஆன்லைன்லயே காத்திருந்தீங்களே!" என்று போனை நீட்டினான்.

என் எண். என் படம். அதன் கீழே:

'தம்பி எனக்கு பயமாக இருக்கிரது. சாவுக்கு இல்லை. குறல் போய்விட்டால் வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியவில்லை. அவளிடம் சன்டை போடாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை. எப்படி சொல்வது என்றும் தெரியவில்லை.'

நான் எழுதவில்லை. என் போனில் அப்படி ஒரு செய்தியே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் எனக்குள் இருந்தது. எழுத்துப்பிழைகூட என்னுடையதுதான். உலகத்தில் குரலுக்கு 'குறல்' என்று எழுதுகிறவன் நான் ஒருவன்தான். ஒரு நிமிஷம் உளவாளி தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டதோ என்று பயந்து போனை அணைத்து டூல் பெட்டியில் போட்டு மூடினேன்.

மத்தியானம் சூப்பர்வைசர் வந்தார். இத்தனை வருஷத்தில் என்னை உட்காரச் சொல்லாதவர், "உட்காருங்க" என்றார்.

"உங்க மெசேஜ் பார்த்தேன். மனசு கஷ்டமா போச்சு. ரெண்டு மாசம் லீவு எடுத்துக்குங்க. திரும்பி வந்ததும் ஷாஃப்டுக்குப் போக வேண்டாம். ஒர்க்‌ஷாப்ல கதவுப் பூட்டு டெஸ்ட் பண்ற மேசை காலியா இருக்கு. அங்க பேச்சே தேவையில்ல. பூட்டு விழுந்தா விளக்கு எரியும், அவ்வளவுதான்."

"சார், நான் எந்த மெசேஜும்..."

"அவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க. 'தங்கள் உண்மையுள்ள'ன்னு முடிச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்குத் தாங்கல."

நேராக மருத்துவமனைக்கு ஓடினேன். கவுண்டரில் அந்த நர்ஸே இருந்தார். என் பெயரைச் சொன்னதும் மலர்ந்தார்.

"வாங்க சார். பதினாலாம் தேதி காலை ஏழு மணி. வெறும் வயித்துல வரணும்."

"வேண்டாம்னு சொல்லியிருந்தேனே?"

"சொன்னீங்க. பத்தே நிமிஷத்துல மன்னிப்பும் கேட்டீங்களே. 'சகோதரி, கோழைத்தனத்தில் அப்படி எழுதிவிட்டேன், என் மனைவியோடு வருகிறேன்'னு. இந்த வார்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன் சார்."

கோழை என்று என்னையே நான் திட்டிக்கொண்டிருக்கிறேன், ஊருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள், எனக்குத்தான் தகவல் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் சாப்பாட்டு மேசையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஆபீஸ் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் என் உளவாளி. என் குச்சி, என் சூப்பர்வைசர், என் நர்ஸ், எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். எறும்புப் புற்றுச் சதுரத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. என் போனுக்கு இன்னொரு வாசல் வைத்து, சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள்.

"நீதானா?"

"நான்தான்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"தொண்டைன்னு தெரிஞ்சது அந்தக் கரகரப்புலயே. எங்கேன்னு தெரிஞ்சது உங்க போட்டோல. மூணாவது பொத்தானுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"'அறுவைப் பிரிவு.' பெருசு பண்ணிப் பார்த்தேன். மீதியை நர்ஸ் மெசேஜ்ல படிச்சேன். அந்த எழுத்தை விரலால மறைச்சாவது எடுத்திருக்கலாம்."

"என் பேர்ல நீ எப்படி எழுதலாம்? நான் எழுதாததை எல்லாம் நான் எழுதினதா..."

"எழுதிட்டு என் பக்கத்துல அழிச்சேன். உங்க பக்கமும் அழிஞ்சுது. அவங்ககிட்ட இருக்கும்."

"டெக்னிக்கைக் கேட்கல. நியாயத்தைக் கேட்கறேன்!"

குரல் உடைந்து காற்றாகப் போனது. இருமினேன். அவள் தண்ணீர் எடுத்து வைத்தாள். குடித்தேன்.

"என்னைக் கேட்காம நீங்க சாக முடிவு பண்ணலாம். உங்களைக் கேட்காம நான் தேதி வாங்கக் கூடாதா?"

"குரல் போயிரும்டி."

"தெரியும்."

"வீட்ல நான் ஊமையா உட்கார்ந்திருப்பேன். நீ தனியா..."

"நீங்க செத்துப்போனா மட்டும் பேசிட்டிருப்பீங்களா?"

இதற்கு மூன்று சேமித்த வாசகங்களில் ஒன்றும் பொருந்தவில்லை.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள். மடிக்கணினியை மூடினாள். "ஆபரேஷனுக்கு முன்னால ஒரு காகிதம் கொடுப்பாங்க. அதுல கையெழுத்து நீங்கதான் போடணும். அதுல நான் கை வைக்க மாட்டேன். வேண்டாம்னா அங்கேயே எழுந்து வந்துரலாம். நானும் கூட வருவேன். அதுக்கப்புறம் அந்த ஒரு வருஷம் என்னென்ன ஆகும்னு டாக்டர் எனக்கும் சொன்னாரு. அதையும் பார்த்துக்குவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம் என் போனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "இதுல குரலையும் அனுப்பலாம். இதை அமுக்கிக்கிட்டு எதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"எதாவது."

அமுக்கினேன். கடைசியாகப் பேசப் போகிறோம். பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும். விநாடிகள் ஓடின. ஏழு, எட்டு, ஒன்பது. எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிட என்ன இருக்கு?"

விரலை எடுத்தேன். போய்விட்டது. வெட்கமாக இருந்தது. "வேற பேசறேன், இரு" என்றேன்.

"போதும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

பதினான்காம் தேதி காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கண் விழித்தபோது கழுத்தில் ஒரு குழாய். வாயைத் திறந்து அவளைக் கூப்பிட்டேன். காற்று வேறு வழியாகப் போயிற்று. கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் அடுப்படியில் என் குரல் கேட்டது. 'சாப்பிட என்ன இருக்கு?' எட்டிப் பார்த்தேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். சத்தமில்லாமல் வருவது இப்போது எனக்குச் சுலபம்.

அப்போதுதான் உளவாளியைக் கையில் எடுத்தேன். ஆரம்பத்தில் 'தண்ணி.' 'வலி.' 'சரி.' பிறகு விரல் பழகியது. பழகினதும் பாருங்கள், அடங்கவில்லை. பத்து வருஷம் மூன்று வாசகத்தில் குடும்பம் நடத்தினவன் ஒரு மணி நேரத்தில் முப்பது அனுப்பினேன். அவள் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து இன்னும் மோசம். 'மின்விசிறி கிரீச்சிடுகிரது.' 'பக்கத்து வீட்டில் யாரோ வந்திருக்கிறார்கள், யார்?' 'அந்தக் கோழை விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.' அதற்குப் பதில் வராததால் அதையே மூன்று தடவை. பேசுகிற காலத்தில் அவள் குறுக்கே புகுந்து என் வாக்கியத்தை வெட்டிவிடுவாள். இப்போது வெட்ட முடியாது. சண்டையில் முதல் தடவையாக நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல முடிந்தது. குரல் இருந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷமாகக் கத்தினதில்லை.

ஒரு குறை. இரண்டு டிக் விழும். நீலமாகாது. காலையில் அனுப்பினது சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஆபீஸில் வேலை அதிகம் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்தேன்.

நேற்று சாயங்காலம் அவள் போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எதிரே உட்கார்ந்து, சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அவள் போன் துள்ளவில்லை. முனகக்கூட இல்லை. எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஒலிபெருக்கி. அதன் குறுக்கே ஒரு கோடு. தொட்டேன். 'இவரிடமிருந்து வரும் செய்திகளின் சத்தம் நிறுத்தப்பட்டுள்ளது. எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும்.' கடைசியில் இருந்த 'எப்போதும்' பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் முன்னால் போனை நீட்டினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா. ஆபீஸ்ல கொஞ்சம் வேலையும் பார்க்கணும்ல? வீட்டுக்கு வந்து மொத்தமாப் படிச்சுக்கறேன், திட்டறதுக்கு அப்ப பதில் சொல்றேன்."

என்னைப் பேசாமல் ஆக்க மருத்துவமனையில் ஆறு பேர் நாலரை மணி நேரம் பாடுபட்டார்கள். இவள் ஒரு கட்டைவிரலில் முடித்துவிட்டாள்.